ஊசி கேட்டு வரும் பையன்களுக்கு விற்பதா, திருப்பி அனுப்புவதா? சேலம் மருந்துக்கடை ஒன்றிலிருந்து

மருந்துக்கடை_சேலம் | திங்கள், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். ஊர் சேலம். கடை இருக்கும் ஏரியாவைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். பத்தொன்பது வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன்.

போன வியாழக்கிழமை இரவு ஒன்பதேகால் இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இறங்கி வந்து, "அண்ணா, சர்க்கரை ஊசி ஒண்ணு குடுங்க" என்றார்கள். யாருக்கு என்று கேட்டேன். பாட்டிக்காம். பாட்டிக்கு எத்தனை யூனிட் போடுகிறீர்கள் என்றதும் ஒருவன் பத்து என்றான், மற்றவன் அதே நேரத்தில் நாற்பது என்றான். மருந்து மட்டும் வேண்டாம், சிரிஞ்சு போதும் என்றபோதே புரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சந்தில், குப்பை கூட்டுகிற அம்மா கூப்பிட்டுக் காட்டினார். ஒரு தண்ணீர் பாட்டில், நசுக்கின வெள்ளைத் தூள் ஒட்டிய பாட்டில் மூடி, ஆரஞ்சு மூடி போட்ட ஒரே ஒரு இன்சுலின் சிரிஞ்சு. இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். சிரிஞ்சின் மேல் பத்து, இருபது என்று கறுப்புக் கோடு அச்சிட்டிருக்கும் இல்லையா, அது முழுக்க அழிந்துபோய் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. புது ஊசியில் அந்தக் கோடு ஒருநாளில் அழியாது. எத்தனை கை பட்டு, எத்தனை தடவை கழுவி அப்படி ஆனதோ தெரியவில்லை. ஊசி முனை வளைந்திருந்தது.

வந்தது மூன்று பேர். கிடந்தது ஒரு ஊசி. நான் ஒன்று விற்காததால் அவர்கள் போடாமல் இருந்துவிட்டார்களா என்ன? இருந்த ஒன்றையே மூன்று பேரும் போட்டிருக்கிறார்கள்.

இவர்கள் நசுக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற வலி மாத்திரை விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை, டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு வில்லை கூடக் கொடுக்கமாட்டேன். குழப்பமெல்லாம் ஊசி விஷயத்தில்தான். கொடுத்தால் பாவமா, கொடுக்காவிட்டால் பாவமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெறியாளர் | திங்கள், இரவு 10:58

முக்கியமான இழை, திறந்தே இருக்கட்டும். ஒரே வேண்டுகோள்: தெரு, கடை, ஆள் பெயர் வேண்டாம். என்ன விலை, எங்கே கிடைக்கும், எப்படிக் கலப்பது என்று யாரும் எழுத வேண்டாம். அப்படி வரும் பதிவுகளை எடுத்துவிடுவேன்.

---

காக்கிவீடு | திங்கள், இரவு 11:20

அண்ணா, விற்காதீர்கள். என் அப்பா போலீஸில் இருந்தவர், நான் இதைப் பார்த்தே வளர்ந்தவன். இன்று ஒரு சிரிஞ்சு கொடுத்தால், "அந்தக் கடையில் கேள்வி கேட்கமாட்டார்" என்று நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். நாளை ஒரு பையன் அளவுக்கு மேல் போட்டுச் செத்துக் கிடந்து, பக்கத்தில் உங்கள் கடை பில் கிடந்தால் உங்கள் குடும்பம் என்ன ஆகும்? என் சித்தப்பா பையனை இதே பழக்கத்தில் பறிகொடுத்தோம். ஊசி எளிதாகக் கிடைத்ததால்தான் அவன் போடவே ஆரம்பித்தான் என்றே நான் நினைக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, வலியில் எழுதுகிறேன்.

---

லேப்அக்கா | செவ்வாய், காலை 6:15

நான் ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நம்பிக்கை மையத்தில்தான் ரத்தம் எடுத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம்பிக்கை மையம் என்பது அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் இடம்.

மருந்துக்கடைத் தம்பி, நீங்கள் பார்த்த அந்தக் கோடு அழிந்த ஊசி என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நம்மில் பலர், "எச்.ஐ.வி. காற்றுப் பட்டதும் செத்துவிடும்" என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தரையில் சிந்திய ரத்தத்துக்கு அது ஓரளவு சரி. ஊசிக்குழலுக்குள் கதை வேறு. உள்ளே காற்றுப் படாமல் ஒரு சொட்டு ரத்தம் நின்றால் வைரஸ் நாள் கணக்கில், குளிர்ச்சியாக இருந்தால் வாரக் கணக்கிலும் தாக்குப்பிடிக்கும். கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி வைரஸ் அதைவிட அதிக நாள் இருக்கும். தண்ணீரில் ஒரு தடவை அலசுவதால் அது போய்விடாது.

அடுத்தது: ஊசி மட்டும்தான் ஆபத்து என்று பையன்கள் நினைக்கிறார்கள். "நான் என் ஊசியைத்தான் போட்டேன் அக்கா" என்று என் முன்னால் உட்கார்ந்து சத்தியம் செய்தவர்கள் உண்டு. எல்லோரும் ஒரே மூடியில் கரைத்ததை உறிஞ்சியிருப்பார்கள். ஒரே பஞ்சு, ஒரே தண்ணீர். முதலில் உறிஞ்சியவனின் ஊசியில் ரத்தம் இருந்தால் மூடிக்குள்ளேயே கலந்துவிடுகிறது. மூடி, பஞ்சு, தண்ணீர் எல்லாமே பகிர்வதுதான்.

எண்களில் கேட்பவர்களுக்கு: தொற்று உள்ளவரின் ஊசியை ஒரே ஒரு தடவை பகிர்ந்தால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஆறு. "அவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் இவர்கள் ஒரு நாளைக்கே இரண்டு மூன்று தடவை போடுகிறார்கள். புதிதாகத் தொற்று வந்தவனுக்கு முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் பல மடங்கு இருக்கும். அவனுக்கோ காய்ச்சல் வந்துபோனது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் அந்தக் கூட்டத்தில் சுற்றுகிற ஊசி ஒவ்வொன்றும் நெருப்பு.

தேசிய அளவில் ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 2021 கண்காணிப்புக் கணக்குப்படி இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 0.21 பேருக்கு எச்.ஐ.வி. ஊசி போதை எடுப்பவர்களில் நூற்றுக்கு 9 பேர். நாட்டில் ஊசி போடுகிறவர்கள் எட்டரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு சொன்னது. இது வடகிழக்கு மாநிலங்களின் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

இன்னொன்று. 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதனைக்கு வேலூருக்கு எடுத்துப்போனார். அதற்கு முன்னால் எல்லோரும் சொன்னது, "நம்ம நாட்டில் அதெல்லாம் இருக்காது" என்பதுதான். முதலில் ஆறு மாதிரிகளில் இருந்தது. யாரும் பார்க்காததால்தான் அதுவரை இல்லாமல் இருந்தது. இன்று சேலத்தில் ஊசி போடுகிற பையன்களைப் பற்றியும் அதே பேச்சு கேட்கிறது.

---

விடுதிமாணவன் | செவ்வாய், காலை 8:03

அக்கா, பயமாக இருக்கிறது. எங்கள் கல்லூரி வாட்ஸ்அப்பில் திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் சாவு, எல்லாம் போன மாதம் ஊசியால் நடந்தது என்று ஓடுகிறது. நம்ம ஊரிலும் அப்படி ஆகிவிட்டதா?

---

லேப்அக்கா | செவ்வாய், காலை 8:40

தம்பி, அது 2024-இல் வந்த செய்தி. எண் சரி, ஒரு மாதத்தில் நடந்தது என்பது தப்பு. 2007 முதல் 2024 வரை பதினேழு வருடத்தில் பதிவான மொத்தம் அது என்று அந்த மாநில அரசே விளக்கம் கொடுத்தது. அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். குழுவில் இதையும் போட்டுவிடு. பீதி கிளப்பினால் பையன்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள், இன்னும் உள்ளே ஒளிவார்கள்.

---

மலைமேல் | செவ்வாய், மதியம் 2:31

நான்கு வருடமாக ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். மிளகுக் கொடி கட்டுவது, காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் கணக்கு எழுதுவது. அதற்கு முன்னால் மூன்றரை வருடம் சேலத்தில் ஊசி போட்டவன். கடைக்கார அண்ணன் பார்த்த அந்தச் சந்து எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். அதேபோல ஒரு சந்து எனக்கும் இருந்தது.

முதலில் மாத்திரையை முழுங்கினோம். தறியில் நைட் ஷிப்ட், உடம்பு வலி, ஒரு அண்ணன் கொடுத்தான். அப்புறம் முழுங்கினால் பத்தவில்லை. ஊசி போடுகிறவனை நாங்கள் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு மாதத்தில் நானே போட்டேன்.

காக்கிவீடு தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு இழப்புக்கு மனசு கனக்கிறது. ஆனால் ஊசி எளிதாகக் கிடைத்ததால் நான் ஆரம்பிக்கவில்லை. மாத்திரை கையில் இருந்தது, பக்கத்தில் போடுகிறவன் இருந்தான், அவ்வளவுதான். ஊசி கிடைக்காத நாளில் நாங்கள் நிறுத்தவில்லை. கிடைத்ததை வைத்துப் போட்டோம்.

ஏன் பகிர்ந்தோம் தெரியுமா? காசு பெரிய விஷயமில்லை. பயம்தான். பாக்கெட்டில் ஊசி வைத்திருந்தால் ராத்திரி வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது அதுவே சாட்சி. அதனால் யாரும் ஊசியோடு நடமாட மாட்டோம். ஒரு ஹாலோ பிளாக் கல்லுக்கு அடியில், பால் கவரில் சுற்றி ஒரே ஊசியை வைத்திருப்போம். யார் போனாலும் அதுதான். இன்னும் ஒன்று: அதில் ஒரு வரிசை உண்டு. காசு போட்டவன் முதலில், கடனுக்கு வந்தவன் கடைசியில். இருக்கிறதிலேயே சின்னப் பையன், பதினெட்டு வயசு, எப்போதும் கடைசி. எங்கள் எல்லோர் ரத்தமும் போன ஊசி அவனுக்குத்தான் போகும்.

எனக்கு முழங்கை மடிப்பில் சீழ் வைத்தது. மாத்திரை தின்னச் செய்தது, நரம்புக்குச் செய்ததில்லை. அதில் இருக்கிற சுண்ணாம்பு மாதிரியான தூள் ரத்தத்தில் கரையாது என்று அப்புறம் டாக்டர் சொன்னார். ஒரு மருத்துவமனையில் கையைக் காட்டியதும், "வெளியே நில்லு" என்றார்கள். இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பிளேடால் நானே கீறினேன். வீட்டில் சேர்த்துவிட்ட தனியார் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் அடித்தார்கள். வெளியே வந்த அன்றே போட்டேன்.

கடைசியில் என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனது, முன்பு ஊசி போட்டு, பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்ட ஒரு அண்ணன். அவர் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

எனக்கு எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் சி இருந்தது. அரசாங்கத் திட்டத்தில் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு பைசா செலவில்லை, குணமாகிவிட்டது. கடைசியில் போடுகிற அந்தச் சின்னப் பையனுக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது. அதற்கு மருந்து சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான், போன பொங்கலுக்கு மலைக்கு வந்து என்னோடு இரண்டு நாள் தங்கினான். எங்களில் யாரிடமிருந்து அவனுக்கு வந்தது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

---

லாரிப்பட்டறை | செவ்வாய், மாலை 5:12

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் வயசில் மூத்தவன். நாமக்கல் நம்ம சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்திலேயே லாரி பாடி கட்டுகிற வேலைக்குப் போனவன். 90-களில் டிரைவர், கிளீனர் பையன்கள் ஒவ்வொருவராக மெலிந்து, இருமி, காணாமல் போனதைப் பார்த்தவன். "காசநோய்" என்பார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். சுடுகாட்டில் தூக்க ஆள் வராத சாவெல்லாம் பார்த்தேன்.

அப்போது ஆட்கள் வந்து லாரி நிற்கிற இடத்திலும் டீக்கடையிலும் ஆணுறை வைத்தார்கள். ஊரே சண்டைக்கு வந்தது. இதை வைத்தால் எல்லோரும் கெட்டுப்போவார்கள், தப்பு செய்யத் தூண்டுகிறீர்கள் என்று நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் வைத்தார்கள். பரிசோதனை செய்தார்கள். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து வந்தது, தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆட்கள் ரயிலேறிப் போனார்கள். சாவு குறைந்தது. இதெல்லாம் என் கண்ணால் பார்த்தது.

அன்றைக்கு ஆணுறைக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் இன்றைக்கு ஊசிக்கும் சொல்கிறோம்.

---

காக்கிவீடு | செவ்வாய், இரவு 9:47

ஐயா, ஆணுறையும் ஊசியும் ஒன்றா? ஆணுறை யாரையும் கொல்லாது. ஊசி வழியாகப் போகிறது விஷம். மலைமேல் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, பாக்கெட்டில் ஊசி இருந்தால் பிடிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் மெடிக்கல் ஷாப்காரர் தனியாக இதைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா? சட்டம் அவரைக் காப்பாற்றுமா? வெளிநாட்டில் எங்காவது நடந்ததைக் காட்டிப் பேசுவது சுலபம்.

---

பேராசிரியை_ஓய்வு | புதன், காலை 7:25

தம்பி வெளிநாடு என்றதால் சொல்கிறேன். நான் பொதுச் சுகாதாரம் கற்பித்தவள். நம் நிலைமைக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரு ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுன்டி. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பெரிய நகரம் இல்லை, அந்தக் கவுன்டி முழுக்கவே இருபத்து நான்காயிரம் பேர்தான். ஹெராயின் ஊர் இல்லை. அங்கேயும் வலி மாத்திரைதான், ஆக்ஸிமார்ஃபோன், அதைக் கரைத்துப் போட்டார்கள். அதற்கு முன்னால் வருடத்துக்கு ஐந்து எச்.ஐ.வி. கூட அங்கே பதிவானதில்லை. 2014 கடைசியில் ஆரம்பித்து ஒரே வருடத்தில் 180 பேரைத் தாண்டியது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

அந்த மாநிலத்தில் அதுவரை ஊசி கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ், ஊசி மாற்றித் தருவதைக் கொள்கையாகவே எதிர்த்தவர். 2015 மார்ச்சில் அவரே அவசரநிலை அறிவித்து அதற்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. புது ஊசி, பரிசோதனை, மருந்து மூன்றும் சேர்ந்து வந்ததும் புதுத் தொற்று விழுந்தது. ஊசி கொடுத்ததால் புதிதாக ஆட்கள் போட ஆரம்பித்துவிடவில்லை. வேறு பல ஊர்களில் பார்த்தபோதும் அப்படித்தான்.

நம் நாட்டிலேயே மணிப்பூர் இருக்கிறது. 1989 செப்டம்பரில் ஊசி போடுகிறவர்களிடம் ஏறக்குறைய இல்லாமல் இருந்த எச்.ஐ.வி., அடுத்த சில மாதங்களில் பாதிப்பேரிடம் இருந்தது. ஊசி வழியாகப் பரவினால் அந்த வேகத்தில்தான் போகும். இரண்டு வருடம் யோசித்துவிட்டு முடிவெடுக்க அவகாசம் இருக்காது.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிற எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-வது பிரிவைப் படியுங்கள். தொற்றைக் குறைக்க மத்திய அரசின் வழிகாட்டுதல்படி செய்யும் வழிமுறைகளைக் குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. ஊசி போடுகிறவருக்குச் சுத்தமான ஊசி கொடுப்பதை அங்கேயே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். நம் அரசே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியை வாங்கிக்கொள்கிறது. அதனால் மருந்துக்கடைத் தம்பி தனியாகச் சுமக்க வேண்டாம் என்று காக்கிவீடு சொன்னது சரி. அந்த அமைப்போடு சேர்ந்து செய்ய வேண்டும்.

---

அம்மாபேட்டை_அம்மா | புதன், காலை 11:50

மகளிடம் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன். என் மகன் இப்படி ஊசி போடுகிறான் என்று ஒரு மாதம் முன்னால்தான் தெரிந்தது. கைச் சட்டையை இறக்கிவிட்டே இருப்பான், ஆடி மாசத்துப் புழுக்கத்திலும். கோயில் கூழ் ஊற்றுகிற அன்று அண்டா தூக்கும்போது சட்டை ஏறியது, பார்த்துவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருடம். மருமகள் நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் சொல்வதா வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

---

லேப்அக்கா | புதன், மதியம் 12:20

அம்மா, முதலில் சாப்பிடுங்கள். நான் சொல்வதை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஊசி போட்டான் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் அவனைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது, நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். இலவசம். அவன் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள், முடிவை அவனிடம்தான் சொல்வார்கள், வெளியில் போகாது. கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள்.

முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பகிர்ந்து 72 மணி நேரம் ஆகாமல் இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்கே போய்ச் சொல்ல வேண்டும். 28 நாள் மருந்து சாப்பிட்டுத் தொற்றைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

மருமகளுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பார்த்திருப்பார்கள், எல்லாத் தாய்மார்களுக்கும் பார்ப்பது வழக்கம். அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆனால் அது முதல் மாதங்களில் எடுத்தது. இவன் நடுவில் ஊசி போட்டிருக்கிறான். மறுபடி எடுக்க வேண்டும். ரிசல்ட் தெரிகிற வரை ஆணுறை கட்டாயம். அவளிடம் சொல்லத்தான் வேண்டும் அம்மா. அவளுடைய உடம்பு, அவளுடைய பிள்ளை. ஆலோசகர் முன்னால் உட்காரவைத்து மகனே சொல்லட்டும்.

இப்போது மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஒருவேளை அவளுக்கு இருந்தாலும், கர்ப்பத்திலேயே மருந்து ஆரம்பித்துவிட்டால் குழந்தைக்குப் போகாமல் தடுக்க முடியும். குழந்தை பிறந்ததும் சொட்டு மருந்து கொடுப்பார்கள், ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, பதினெட்டு மாதத்தில் கடைசிப் பரிசோதனை. அந்தப் பதினெட்டாம் மாத ரிசல்ட்டில் இல்லை என்று எழுதி, எத்தனை தாய்மார்கள் கையில் நானே கொடுத்திருக்கிறேன். ஒரு பெண் அந்தச் சீட்டை மடித்துத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டு போனாள்.

தனிமடலில் என் எண்ணை அனுப்புகிறேன். நானே கூட வருகிறேன்.

---

மலைமேல் | புதன், மாலை 4:44

அம்மா, ஒன்றே ஒன்று. அவனை ஒரேயடியாகப் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். நாலைந்து நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிகிற மாதிரி வலி வரும். தாங்காமல் ஓடுவான். ஓடிப்போய்ப் பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். என் கூட்டாளி அப்படித்தான் போனான். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன. ஊசிப் பழக்கத்துக்கு மாற்று மருந்தும் இருக்கிறது. பூப்ரினார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, தினமும் மையத்துக்குப் போய் அவர்கள் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றரை வருடம் அதில் இருந்துதான் கரையேறினேன். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று என் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்த ஒன்றரை வருடமும் நான் ஊசியைத் தொடவில்லை, வேலைக்குப் போனேன்.

மகனுக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வருவேன்.

---

விடுதிமாணவன் | புதன், இரவு 8:15

ஒரு சந்தேகம். எச்.ஐ.வி. உள்ளவர் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தால் மற்றவருக்குப் பரவாது என்று படித்தேன். ஊசிக்கும் அப்படியா?

---

லேப்அக்கா | புதன், இரவு 8:52

நல்ல கேள்வி. உடலுறவு வழியாகப் பரவாது என்பது உறுதியாக நிரூபணமான விஷயம். ஊசிக்கு அதே உறுதியைக் கொடுக்க முடியாது. ஆபத்து நிறையக் குறையும், அவ்வளவுதான் சொல்லலாம். அதோடு மருந்து ஹெபடைடிஸ் சி-யைத் தடுக்காது. அதனால் மருந்து சாப்பிடுகிறவரும் பகிரக் கூடாது. இப்போது மருந்து தினம் ஒரு மாத்திரைதான், பரிசோதனையில் இருக்கிறது என்று தெரிந்த உடனே ஆரம்பிக்கிறார்கள். பழைய காலம் மாதிரி உடம்பு விழும்வரை காத்திருப்பது 2017-லேயே முடிந்துவிட்டது.

---

காக்கிவீடு | வியாழன், காலை 6:50

இரவெல்லாம் யோசித்தேன். என் சித்தப்பா பையன் சாகும்போது அவன் கையை நான் பார்த்தேன். அவனுக்குப் பரிசோதனை எடுத்தார்களா என்று இன்றுவரை எங்களில் யாரும் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு மனைவி இருக்கிறார், இப்போது ஆத்தூர்ப் பக்கம் தாய்வீட்டில். நாங்கள் யாரும் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. ஊசிப் பழக்கம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

கடைகளில் ஊசி விற்பது பற்றி எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மாத்திரை எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு ஊசியை மட்டும் பேசுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் லேப்அக்கா, அந்த அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தனியாக எழுத முடியுமா?

---

லேப்அக்கா | வியாழன், காலை 7:05

எழுதுகிறேன் தம்பி. இன்றே.

---

மருந்துக்கடை_சேலம் | ஞாயிறு, இரவு 10:20

எல்லோருடைய பதிவையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காக்கிவீடு தம்பி, மாத்திரை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். 2018-இல் டிரமடால் என்ற வலி மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் பையன்கள் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்கும் ஆன்லைனில் மொத்தமாக வரவழைத்துத் தருகிறேன் என்று ஆள் வந்ததுண்டு. விரட்டிவிட்டேன். எங்கள் கடைக்காரர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறேன். அது ஒரு தனிச் சண்டை, போடத்தான் போகிறேன்.

ஊசி விஷயம். வெள்ளிக்கிழமை 1097-க்குப் போன் செய்தேன். நம் மாவட்டத்தில் களப்பணி செய்கிறவர்களின் தொடர்பைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை ஒருவர் கடைக்கே வந்தார். தடிமனான பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்தார், பயன்படுத்திய ஊசியைப் போட. கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவர்கள் எண் எழுதின சின்னச் சீட்டும் கொடுத்தார், விசிட்டிங் கார்டு அளவில்.

நேற்று இரவு அதே இரண்டு பையன்களும் வந்தார்கள். இந்தத் தடவை பாட்டி கதை சொல்லவில்லை, ஒன்றுமே கேட்காமல் நின்றார்கள். மலைமேல் தம்பி எழுதியது ஞாபகம் வந்தது. "சாப்ட்டீங்களா?" என்றேன். ஒருவன் தலையை ஆட்டினான், மற்றவன் இல்லை என்றான். பக்கத்துக் கடையில் இரண்டு தட்டுவடை செட் வாங்கிவரச் சொன்னேன். நின்றுகொண்டே தின்றார்கள். சின்னவனுக்கு வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிச் சூடாக இருந்தது. நான் ஊசியும் சீட்டும் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக, பழையதைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டால்தான் அடுத்தது என்று சொன்னேன். மாத்திரை என் கடையில் கேட்கவே கூடாது என்றும் சொன்னேன்.

இன்று காலையில் சின்னவன் தனியாக வந்தான். கை இன்னும் வீங்கியிருந்தது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, என் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஞாயிறு என்பதால் அவசரப் பிரிவில் சீழ் எடுத்துக் கட்டுப்போட்டார்கள். நர்ஸம்மா ஒருவர் அவன் பெயரைக் கேட்டு, "வலிக்கும்ப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். அவன் அதற்குத்தான் அழுதான், வலிக்கு அழவில்லை. நாளைக்குக் காலையில் நம்பிக்கை மையத்துக்கு அவனே வருகிறேன் என்றான். களப்பணியாளர் வாசலில் காத்திருப்பார். ரிசல்ட் என்ன என்று நான் கேட்கமாட்டேன், அது அவன் விஷயம்.

டப்பாவில் இப்போது ஒரே ஒரு ஊசி கிடக்கிறது, சந்தில் பார்த்தது போலவே கோடு அழிந்தது. பைக்கிலேயே உட்கார்ந்திருந்தானே, அந்த மூன்றாவது பையன், அவன் இன்னும் வரவில்லை. அவனைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் போலீஸுக்கு பயந்துக்கிறாண்ணா" என்றார்கள். ராத்திரி பத்து மணி வரை இருப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.